ஏழாம் ஊற்றின் குறிப்புக் கட்டம்

மார்ச் 9

அன்பு மருமகள் அளவுகோலுக்கு,

உன் மாமன் எழுதுவது. நான் நலம். நீ நலமா, மாப்பிள்ளை நலமா, உன் வயிற்றில் இருக்கும் புதுப் பிரஜை நலமா?

முதலில் ஒரு பிரமாணம் செய்துவிடுகிறேன். இந்தக் கடிதங்களில் நான் சொல்லப்போகும் கதையை யாரும் நம்பப் போவதில்லை. நீ நம்ப மாட்டாய். தபால்காரர் பிரித்துப் படித்தால் அவரும் நம்ப மாட்டார். எழுதி முடித்ததும் நானே ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "யாருய்யா இந்த ஆள்" என்று கேட்கப் போகிறேன். ஆனாலும் முப்பத்தாறு வருடம் ஏலக் கூடத்தில் சுத்தியல் பிடித்த இந்தக் கையின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், நடந்ததை நடந்தபடி எழுதுவேன்.

நீ ஏற்பாடு செய்தபடி பூங்காவின் வாசலுக்கு எதிர்ச் சாரியில் மாடி அறையில் குடியேறிவிட்டேன். கட்டில் ஒன்று, நாற்காலி முக்கால். ஜன்னலைத் திறந்தால் பூங்காவின் இரும்புக் கதவு. நூறு வருடத்துக்கு முன் செய்தது. அதன் உயரத்தை நான் சொன்னால் நீ சண்டைக்கு வருவாய். காலையில் மேகங்கள் அதன் கூர்முனைகளில் மாட்டிக்கொள்கின்றன, காவலாளி கழியால் ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறார் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

உள்ளே ஏழு ஊற்றுகள். வருகிறவன் எவனாயிருந்தாலும் கழுத்தில் கயிறு கட்டி ஒரு எனாமல் குவளையைத் தொங்கவிட்டுவிடுகிறார்கள். என் குவளையின் எண் 112. மேய்ச்சலுக்குப் போகிற மந்தை மாதிரி நூறு பேர் கிணுங் கிணுங்கென்று நடக்கிறோம். முதல் ஊற்றின் நீரில் பத்தாயிரம் தீக்குச்சி ஒரே நேரத்தில் கிழித்த வாசனை. இரண்டாவதில் இரும்புச் சத்து. மூன்று மடக்குக் குடித்ததும் என் வயிறு தானாக வடக்கே திரும்பியது. மூன்றாவதில் நுரை. எனக்கு முன் குடித்த ஒரு பெரியவர் ஒரு ஏப்பம் விட்டு அரை அடி மேலே போய் வந்தார்.

ஏழாவது ஊற்று மலை உச்சியில், சிவப்புப் பாதையின் முடிவில். ஒன்பதாயிரம் படி. மழித்த முகத்தோடு ஏறியவர்கள் தாடியோடுதான் இறங்குகிறார்கள்.

முழங்கால் சுமார். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
நீரில் மூழ்கிக்கொண்டிருக்கும் உன் மாமன்


மார்ச் 20

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் 'சுமார்' என்றால் என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவள் என்பதை அடிக்கடி மறந்துவிடுகிறீர்கள். உங்கள் பூங்காவின் வரைபடம் எங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். குன்றின் உயரம் நூற்று நாற்பது மீட்டர். சிவப்புப் பாதையில் அறுநூற்று நாற்பது படி. ஒன்பதாயிரம் இல்லை. மேகம் மாட்டிக்கொள்கிற கதவின் உயரம் பதினொரு அடி.

போனில் இதையெல்லாம் கேட்கலாம். ஆனால் நீங்கள் பேச ஆரம்பிப்பீர்கள், நான் சிரித்துவிடுவேன், வைத்த பிறகுதான் கேட்டதற்குப் பதிலே வரவில்லை என்று தெரியும். அதனால்தான் கடிதம்.

இரண்டு பக்கத்தில் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்களை அந்த ஊருக்கு அனுப்பியது முழங்காலுக்காக மட்டுமில்லை என்பது உங்களுக்கும் தெரியும். அம்மாவின் வீடு உங்கள் அறையிலிருந்து கால் மணி நடை. அம்மாவின் வலது கண் விழித்திரையில் ஓட்டை. இடது கண் ஏற்கெனவே பாதி மங்கல். ஜூன் 14 அறுவை சிகிச்சை. அதன் பிறகு ஒரு வாரம் இரவும் பகலும் குப்புறப் படுத்தே இருக்க வேண்டும். நிமிர்ந்தால் செய்தது வீண், பார்வை போய்விடும். பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். எனக்கு ஆகஸ்டில் பிரசவம். பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீங்கள் ஒருவர்தான்.

பதினோரு வருடக் கோபம் என்பது எனக்கும் தெரியும். அப்பா இறந்த வாரம், வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது, நீங்கள் எழுந்து நின்று, "இந்த மனுஷன் என் அக்காவுக்காகத் தலையில பீப்பாயைத் தூக்கிக்கிட்டு ஏழாவது ஊற்றுக்கு மூவாயிரம் தடவை ஏறினவர்" என்று சொன்னீர்கள். கூடம் முழுக்கச் சிரித்தது. நாற்காலியை விட்டு எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்காத அப்பாவை, அவர் போன வாரத்தில், கேலி செய்ததாக அம்மா எடுத்துக்கொண்டாள். "உன் வாயிலேர்ந்து என்னிக்கு ஒரு நிஜம் வருதோ அன்னிக்குப் பேசறேன்" என்றாள். அன்றோடு சரி.

போய்ப் பாருங்கள். ஒரு மன்னிப்பு கேளுங்கள். ஜூன் 14 முதல் பத்து நாள் கூட இருப்பேன் என்று சொல்லுங்கள். இதில் கதைக்கு இடமில்லை.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
மருமகள்


ஏப்ரல் 2

அன்பு அளவுகோலுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. அறுநூற்று நாற்பது என்று எவனோ அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிவிட்டான். அவன் முழங்காலை ஒருநாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து ஏறிப் பார்க்கச் சொல்.

இப்போது நான்காவது ஊற்று வரை என் கொடி பறக்கிறது. நான்காவது ஊற்றை ஆள்பவள் ஒரு சக்கரவர்த்தினி. உத்தியோகம், அட்டையில் முத்திரை குத்துவது. ஒவ்வொரு ஊற்றிலும் அரைக் குவளை குடித்து முத்திரை வாங்கினால்தான் அடுத்த ஊற்றுக்கு விடுவார்கள். நான் கால் குவளை குடித்துவிட்டு அட்டையை நீட்டினேன்.

"மீதி?" என்றாள்.

"மீதி சாயங்காலம் வந்து குடிக்கிறேம்மா."

"சாயங்காலம் வந்தா சாயங்காலக் கணக்கு. இப்ப குடிங்க."

"வயசான மனுஷன்."

"தண்ணிக்கு வயசு உங்களைவிட ஜாஸ்தி. அது புலம்புதா?"

குடித்தேன். அவள் குத்திய முத்திரையின் அதிர்ச்சியில் மரங்களிலிருந்து பறவைகள் கிளம்பி, பக்கத்து நாட்டில் போய் இறங்கியதாகத் தகவல்.

அவள் சொல்லித்தான் ஒரு சட்டம் தெரிந்தது. எந்த ஊற்றிலும் நின்ற இடத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். பாட்டிலில் பிடித்து வெளியே கொண்டுபோவது ஏழாவதில் மட்டும்தான். அங்கே பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். தேதி, பெயர், அளவு, குறிப்பு என்று நாலு கட்டம். குறிப்புக் கட்டத்தில் இந்த நூறு வருடத்தில் எவனும் ஒரு புள்ளிகூட வைத்ததில்லையாம். பழைய பதிவேடுகளெல்லாம் பூங்கா அலுவலகத்தின் பின்னறையில்.

உன்னிடம் ஒரு சிறிய வேண்டுகோள். உன் அப்பா கைப்பட எழுதிய தாள் ஏதாவது இருந்தால் அனுப்பு. எதுவாயிருந்தாலும் சரி. ஏன் என்று கேட்காதே.

ஆரோக்கியத்தில் கவனம் வை.

உன் மாமன்


ஏப்ரல் 15

மாமாவுக்கு,

நலம்.

நான் கேட்டது ஒன்று. நீங்கள் எழுதியது பறவைகளைப் பற்றி.

தாள் வைத்திருக்கிறேன். அப்பா எனக்கு எழுதிவைத்தது அவ்வளவுதான். நான் விடுதிக்குப் போனபோது பெட்டிக்குள் போட்டுவிட்டது. 'முட்டை: கொதித்த பின் 6 நிமிடம் 30 விநாடி. உயரமான ஊராக இருந்தால் 7. தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதே.' அன்பு, ஆசி எதுவும் கிடையாது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர், மகளுக்கும் பரிசோதனை அறிக்கைதான் எழுதினார். பத்திரமாகத் திருப்பி அனுப்புங்கள். என்னிடம் வேறு இல்லை.

அம்மாவைப் பார்த்தீர்களா இல்லையா?

மருமகள்


ஏப்ரல் 27

என் மகளுக்கு அம்மா எழுதுவது.

உடம்பு எப்படி இருக்கிறது? காலில் வீக்கம் குறைந்ததா? எழுத்து பெரிதாக இருக்கும், வரி கோணும். கண் அப்படி.

உன் மாமன் இந்த ஊரில் இருக்கிறான் என்று பால் பூத்துக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை. "என்னம்மா, உங்க தம்பி பூமிக்கு அடியில ஏதோ ஆராய்ச்சி பண்ண வந்திருக்காராமே, அரசாங்கமே அனுப்பிச்சதாமே" என்கிறார். எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மூன்று நாள் அவனைப் பார்த்துவிட்டேன். கழுத்தில் குவளையோடு எங்கள் தெரு முனை வரை வருகிறான். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறான். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எங்கேயோ அவசரமாகக் கூப்பிட்டு அனுப்பினமாதிரி, திரும்பிப் போகிறான். என் கண்ணுக்கு முகம் தெரியவில்லை. ஆனால் அந்த நடையும் அந்தப் பாசாங்கும் உலகத்தில் வேறு யாருக்கு வரும்?

நீதான் ஏற்பாடு செய்திருக்கிறாய் என்பது புரிகிறது. வேண்டாம். நீ பிறந்த பிறகு நாலு மாதம் நான் படுக்கையில் கிடந்தபோது, ஏழாவது ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கச் சொன்னார் டாக்டர். உன் அப்பா, "அது துருப்பிடிச்ச தண்ணி, வேற ஒண்ணுமில்ல, நானே பரிசோதிச்சு அறிக்கை எழுதியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படித்தார். வாரா வாரம் அந்த மலை ஏறித் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் நின்றவன் உன் மாமன்தான். அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு கோபமே வந்திருக்காது. அவ்வளவு செய்தவன், அவர் போய் ஒரு வாரம்கூட ஆகாதபோது, அவரை வைத்து ஊரைச் சிரிக்க வைத்தான். உன் அப்பா எனக்காக எழுந்து நடக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதை எல்லோருக்கும் நடுவில் பீப்பாய் கட்டிச் சொல்ல வேண்டுமா?

நான் தனியாகப் படுத்துக்கொள்வேன். நர்ஸ்கள் இருக்கிறார்கள். அவன் வந்தால் கதவைச் சாத்துவேன் என்று சொல்லிவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா


மே 8

அன்பு அளவுகோலுக்கு,

நலம். உன் தாளைத் திருப்பி வைத்திருக்கிறேன். மடிப்பு கலையாமல் இருக்கிறதா பார்.

உலகப் போர்கள் இரண்டு நடந்ததாகப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது பூங்கா அலுவலகத்தில் நடந்தது. எதிரி, பதிவேடுகளைக் காக்கும் குமாஸ்தா. மேஜை மேல் கோப்புகள் மலை மாதிரி; அவருடைய மூக்குக் கண்ணாடியின் மேல்விளிம்பு மட்டும் சூரியோதயம் போலத் தெரியும்.

"முப்பத்தோரு வருஷத்துக்கு முந்தின பதிவேடு பாக்கணும்" என்றேன்.

"எதுக்கு?"

"பாக்கறதுக்கு."

"மனு குடுக்கணும்."

"யார்கிட்ட?"

"எங்கிட்டதான்."

"இந்தாங்க."

"மனு வாங்கறவர் லீவு."

"நீங்கதானே சார் வாங்கறவர்?"

"நான் இன்னிக்கு வேற சீட்டுல உக்காந்திருக்கேன்."

நாற்காலி அதே நாற்காலி. இப்படியே பதினோரு நாள். எனக்கு ஏலக் கூடத்தில் கிழட்டுப் பியானோவை மூன்று தடவை விற்ற வாய். அந்த வாய் அந்த மனுஷரிடம் செல்லவில்லை. கடைசியில் நான்காவது ஊற்றின் சக்கரவர்த்தினி முத்திரைக் கட்டையோடு நேரில் வந்து, "அந்தப் பெரியவருக்கு எடுத்துக் குடுங்க, தினமும் என் உசிரை எடுக்கறார்" என்றாள். ஐந்து நிமிடத்தில் பதிவேடு வந்தது.

அதில் என் பெயர் பதினேழு இடத்தில் இருக்கிறது.

இடையில் சிவப்புப் பாதையில் ஒரு படையெடுப்பும் நடத்தினேன். ஐந்தாவது ஊற்றைத் தாண்டி நூறு படி ஏறியதும் முழங்கால் உரத்த குரலில் ராஜினாமா செய்தது. பொதுமக்கள் என்னைப் பல்லக்கில் ஏற்றி இறக்கினார்கள். பல்லக்கை இழுத்தவர் தோட்டக்காரர். பல்லக்கில் எனக்கு முன்னமே சருகு இருந்தது.

உன் அம்மா தெருவில் தபால் பெட்டிக்குப் புதிதாகச் சிவப்பு அடித்திருக்கிறார்கள். நன்றாக இருக்கிறது.

உன் மாமன்


மே 19

மாமாவுக்கு,

நான் நலமாக இல்லை. இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. அதற்கு ஒரு காரணம் உங்கள் கடிதம் என்று டாக்டரிடமே சொன்னேன்.

பதிவேட்டில் உங்கள் பெயர் பதினேழு இடத்தில் இருப்பதில் என்ன அதிசயம்? தண்ணீர் கொண்டுவந்தது நீங்கள்தான் என்று அம்மா முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதைத் தெரிந்துகொள்ள ஒரு மாதம் குமாஸ்தாவோடு சண்டை. உங்களுக்கு உங்கள் பெருமைக்குச் சாட்சி வேண்டும். அம்மாவுக்கு ஒரு ஆள் வேண்டும்.

தபால் பெட்டியின் நிறம் தெரியும் அளவுக்குப் போயிருக்கிறீர்கள். அங்கிருந்து கதவு நாற்பது அடி. வரைபடத்தில் பார்த்துவிட்டேன்.

கடைசியாகக் கேட்கிறேன். ஜூன் 14 மருத்துவமனையில் இருப்பீர்களா, மாட்டீர்களா? ஆம், இல்லை. ஒரு வார்த்தை போதும். மேகம், பறவை, பல்லக்கு எதுவும் வேண்டாம். இந்த மாத முடிவுக்குள் பதில் வராவிட்டால் டாக்டர் சொன்னதைத் தள்ளிவிட்டு நானே ரயில் ஏறுவேன். டிக்கெட் எடுத்து வைத்துவிட்டேன். இது மிரட்டல் இல்லை, தகவல்.

மருமகள்


மே 30 (அஞ்சலட்டை)

ஆம்.

மாமா


ஜூன் 6

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அட்டை கிடைத்தது. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உங்களுக்கு உடம்பு சரியில்லையா? உண்மையைச் சொல்லுங்கள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஓரத்தில்கூட ஒன்றும் இல்லை. இவரும் பார்த்துவிட்டு, "யாராவது மாமா கையைப் பிடிச்சு எழுத வெச்சிருப்பாங்களோ" என்கிறார். இரண்டு வரி எழுதுங்கள். வேண்டுமானால் அதில் ஒரு யானை இருக்கட்டும்.

அம்மாவிடம் நீங்கள் வருவதைச் சொல்லவில்லை. சொன்னால் மருத்துவமனைக் கதவையும் சாத்துவாள்.

மருமகள்


ஜூலை 8

என் மகளுக்கு அம்மா எழுதுவது.

நேற்றிலிருந்து எழுதலாம் என்று சொல்லிவிட்டார்கள். கண்ணில் இருந்த ஓட்டை மூடிவிட்டதாம். வரி நேராக இருக்கிறதா?

போனில் அழுதாயே, அங்கே என்னதான் நடந்தது என்று கேட்டாயே. பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தான், சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

குப்புறப் படுக்க ஒரு கட்டில் வைத்திருக்கிறார்கள். முகம் வைக்கிற இடத்தில் வட்டமாக ஓட்டை. அதன் வழியாகத் தரை தெரியும். எனக்கு இடது கண்ணில் மங்கலாக நாலு ஓடு தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து படுக்க வைத்ததும் அந்த நாலு ஓட்டின் மேல் இரண்டு செருப்பு வந்து நின்றது. ஒன்று இடது பக்கம் தேய்ந்தது. சின்ன வயதிலிருந்து அவன் செருப்பு அப்படித்தான் தேயும்.

எழுந்து போகச் சொல்லலாம் என்றால் அவன் நின்றுகொண்டிருக்கிறான், படுத்திருப்பது நான். திரும்பிக்கொள்ளவும் முடியாது. இரண்டு நாள் மருந்து விட்டான், கஞ்சி ஊட்டினான், ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கே பயம் வந்துவிட்டது. "டேய், உயிரோட இருக்கியா?" என்றேன். "இருக்கேன்" என்றான். அவ்வளவுதான். அவன் பேசினால் எரிச்சல் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பேசாவிட்டால் அதைவிட எரிச்சல்.

மூன்றாம் நாள் காலையில், "அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்றான்.

"சொல்லாதே. சிரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"சிரிக்கிறமாதிரி இல்ல."

"அப்ப நீ சொல்லப்போறதே இல்ல."

செருப்பு ஒரு ஓடு கிட்டே வந்தது. பிறகு, "அந்தத் தண்ணிய நான் கொண்டு வரல. அத்தான்தான் கொண்டு வந்தார். தெருமுனையில எங்கிட்ட பாட்டிலைக் குடுப்பார். 'நீ கொண்டு வந்ததா சொல்லு, நானே வேஸ்ட்டுனு அறிக்கை எழுதிட்டு நானே தூக்கிட்டு வந்தேன்னு தெரிஞ்சா ஆபீஸ்ல தலை காட்ட முடியாது' அப்படின்னார். பதிவேட்டுல என் பேரைப் போட்டுட்டார். நான் ஏறினது உன் வீட்டு வாசப்படி மூணுதான்" என்றான்.

"ஆரம்பிச்சிட்டியா" என்றேன். "எத்தனை தடவை ஏறினாராம்? மூவாயிரமா?"

"பதினேழு."

"பீப்பாய் எங்க?"

"பீப்பாய் இல்ல. ஒன்றரை லிட்டர் பாட்டில்."

பிறகு தாள் மடிப்புப் பிரிக்கிற சத்தம் கேட்டது. பழைய பதிவேட்டிலிருந்து குறிப்புக் கட்டத்தில் இருப்பதை எழுதிக்கொண்டு வந்திருந்தானாம். வாசித்தான். "முதல் வாரம். ஊற்று பத்தொன்பது டிகிரி. காற்று இருபத்திநாலு. நிறம் லேசான பழுப்பு. ரெண்டாவது வாரம். ஊற்று பத்தொன்பது. காற்று இருபத்திரண்டு. மாற்றம் இல்லை. மூணாவது வாரம். ஊற்று பத்தொன்பது. காற்று பதினேழு. மழை. மாற்றம் இல்லை." ஏலக் கூடத்தில் எல்லாச் சாமானையும் ஏற்றி ஏற்றிக் கூவின அந்தக் குரல், மளிகைச் சீட்டுப் படிப்பதுபோல ஒன்று விடாமல் பதினேழும் படித்தது. கடைசி வாரம் இது: "ஊற்று பத்தொன்பது. நோயாளி நேற்று எழுந்து உட்கார்ந்தார். இதற்கும் நீருக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை."

"போதும்டா" என்றேன். "இவ்வளவு சப்புன்னு உன்னால பொய் சொல்ல முடியாது."

சிரிக்கக் கூடாது என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டை வழியாகச் சொட்டியது நேரே அவன் செருப்பின் மேல்தான் விழுந்திருக்கும். அவன் காலை நகர்த்தவில்லை.

அன்றைக்கு ஏன் மூவாயிரம், பீப்பாய் என்றெல்லாம் சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "நீ எனக்கு நன்றி சொல்றப்பல்லாம் வாங்கிக்கிட்டே இருந்தேன்க்கா. அவர் போனப்புறமாவது அவர் பேர்ல சேர்த்துடணும்னு எழுந்தேன். எழுந்ததும் பதினேழுன்னு சொன்னா உனக்குக் கம்மியா தெரியுமோன்னு தோணிச்சு" என்றான். முட்டாள். பதினேழு என்று சொல்லியிருந்தால் பதினோரு வருடம் மிச்சம்.

அதற்கப்புறம் இருபது வருடம் அவர் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்தபோதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பார். உன் அப்பா மேலும் எனக்குக் கோபம்தான். வேறு மாதிரிக் கோபம்.

பதிவேட்டை நானே ஒருநாள் பார்க்கப் போகிறேன். ஏழுக்குக் குறுக்கே கோடு போட்டிருப்பார்; உன் முட்டைத் தாளிலும் அப்படித்தான் என்று உன் மாமன் ஒத்துப் பார்த்திருக்கிறான். நீ ஜாக்கிரதை. வலி எடுத்தால் உடனே சொல்.

அம்மா


ஆகஸ்ட் 24

அன்பு அளவுகோலுக்கும், எட்டு நாள் வயதான சின்ன அளவுகோலுக்கும்,

மாமன் எழுதுவது. நலம். தாயும் மகளும் நலம் என்று மாப்பிள்ளை சொன்னதும் இந்த நகரத்தில் எல்லாக் கடிகாரமும் ஒரு நிமிடம் நின்று, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, பிறகு ஓடின.

குழந்தையின் எடை மூன்று கிலோ நூறு என்று மாப்பிள்ளை சொன்னார். நான் இங்கே முப்பத்தொன்று என்று அறிவித்திருக்கிறேன். அலட்சியமாகக் கேட்டுக்கொண்டிருந்த குமாஸ்தாகூட எழுந்து நின்றார்.

உன் அம்மாவுக்கும் இப்போது கழுத்தில் குவளை தொங்குகிறது. எண் 113. முதல் நாளே நான்காவது ஊற்றில் சக்கரவர்த்தினிக்கும் அவளுக்கும் அரைக் குவளை விஷயத்தில் ஒரு வாக்குவாதம். இரு தரப்பிலும் சேதம் அதிகம். சமாதான உடன்படிக்கையில் நான்தான் சாட்சிக் கையெழுத்து. பிறகு அலுவலகத்துக்குப் போனோம். பதிவேட்டின் அந்தப் பக்கங்களை உன் அம்மா புதுக் கண்ணால் ஒரு மணி நேரம் படித்தாள். படிப்பதற்கு அதில் அவ்வளவு ஒன்றும் இல்லை என்று குமாஸ்தா சொன்னார். அவரை அவள் பார்த்த பார்வையில் அவர் வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் ஏழாவது ஊற்றுக்குப் புறப்பட்டேன். நாற்பது யானைகள், பன்னிரண்டு எக்காளம், பூங்காவின் எல்லா மரமும் வழி நெடுகத் தலை வணங்கியது. உன் அம்மா முதல் ஊற்றுப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "போடா, போற வழியில விழுந்து வைக்காதே, இனிமே ஆஸ்பத்திரி முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்ல" என்று ஆசி கூறி அனுப்பினாள். ஐந்தாவது ஊற்றுக்கு மேல் என் முழங்கால்கள் ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்திவிட்டன. ஆறாவதில் ஒரு கழுகு இறங்கி வந்து என்னைத் தூக்கிப் போகட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். உச்சியில் ஊற்று என்னைக் கண்டதும் எழுந்து நின்று வணக்கம் சொன்னது. குடித்தேன். அதன் சுவையைச் சொல்ல இந்த மொழியில் சொல் இல்லை, வேறு மொழியிலும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். இறங்கும்போது எனக்கு வயது இருபத்தெட்டு.

உன் அம்மா பெட்டியில் தேடி எடுத்துக் கொடுத்தது ஒன்று சட்டைப் பையில் இருந்தது. அத்தானின் தெர்மாமீட்டர். பாட்டிலில் ஒன்றரை லிட்டர் பிடித்துக்கொண்டு பதிவேட்டில் எழுதினேன். தேதி, அளவு. பெயர் என்ற கட்டத்தில் அத்தானின் பெயரைப் போட்டேன். என் பெயரை அவர் பதினேழு தடவை போட்டார், நான் ஒரு தடவை. குறிப்புக் கட்டத்திலும் ஒரு வரி எழுதினேன்.

தண்ணீர் உனக்காக வருகிறது, தனிப் பார்சலில். குடிக்க வேண்டாம். கொதிக்க வைக்காமல் எதையும் குடிக்காதே என்று உன்னிடம் ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அளவுகோலே, யானை, எக்காளம், கழுகு, கடிகாரம், இருபத்தெட்டு வயது, ஊற்று சொன்ன வணக்கம் எல்லாமே புளுகு. மார்ச் மாதத்திலிருந்து நான் எழுதியதில் பெரும்பாலும் அப்படித்தான். ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம்.

ஊற்று பத்தொன்பது டிகிரிதான். நானே ஏறிப் போய்ப் பார்த்தேன். மாற்றம் இல்லை.

உன் மாமன்